பெருக்கினால் மட்டும் போதுமா?

ரிச்சி தெருவில் ஒரு டீ காசுக்கு எல்.டி.ஆர். கிடைக்கும். பட்டாணி அளவுதான் இருக்கும். மேலே பாம்பு நெளிந்த மாதிரி ஒரு கோடு. இருட்டில் வைத்தால் மின்சாரத்தை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும், வெளிச்சத்தில் வைத்தால் வழிவிடும். இருட்டில் அதன் மின்தடை பத்து லட்சம் ஓமைத் தொடும். நல்ல வெயிலில் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். கூடவே ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே. பொழுது சாய்ந்ததும் தானாக எரியும் விளக்கு தயார். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் எந்தப் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் இந்த விளக்கு ஒரு மேஜையில் உட்கார்ந்திருக்கும்.

இது சுலபமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே வெளிச்சம் தாராளமாக இருக்கிறது. பகலா இரவா என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள், எல்.டி.ஆரும் சொல்லிவிடும். உண்மையான சோதனை, வெளிச்சம் கொஞ்சமாக இருக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. ஒரு மீட்டர் தள்ளி இருக்கிற சின்ன விளக்கை ஒரு விரல் மறைத்ததா இல்லையா? கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நட்சத்திரம் சில நொடிகள் மங்கியதா இல்லையா? இந்த மாதிரிக் கேள்விகளுக்கு எல்.டி.ஆர். லாயக்கில்லை. ஒளி மாறினாலும் அது மெதுவாகத்தான் மாறும், தூங்கி எழுந்தவன் மாதிரி. அதனால் போட்டோடயோடுக்குப் போகிறார்கள். அது வேகமானது, நேர்மையானது. விழுகிற ஒளி இரண்டு மடங்கானால் அது தரும் மின்னோட்டமும் இரண்டு மடங்காகும். ஒரே குறை, தருவது ரொம்பக் கொஞ்சம். மங்கலான ஒளியில் சில நானோ ஆம்பியர்தான் வரும். ஒரு நானோ ஆம்பியர் என்பது ஒரு ஆம்பியரை நூறு கோடியால் வகுத்தால் வருவது.

"கொஞ்சமாக இருந்தால் என்ன? ஆம்ப்ளிஃபயர் போட்டுப் பெருக்கிவிட வேண்டியதுதானே?" என்று தோன்றும். எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். பிராஜெக்ட் செய்பவர்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. சொந்தக் காசு ஒரு லட்சம், கடன் ஒன்பது லட்சம் என்று பத்து லட்சத்துக்கு ஒருவர் வியாபாரம் செய்கிறார். சரக்கு விலை பத்து சதவீதம் ஏறினால் போட்ட ஒரு லட்சம் இரண்டு லட்சமாகும். பத்து சதவீதம் இறங்கினால் போட்டது மொத்தமும் போச்சு. வட்டி தனி. கடன் லாபத்தை மட்டும் பெருக்குவதில்லை, நஷ்டத்தையும் அதே மடங்கில் பெருக்குகிறது. ஆம்ப்ளிஃபயரும் அப்படித்தான். அதற்குள்ளே போவதில் எது சிக்னல், எது இரைச்சல் என்று அதற்குத் தெரியாது. ஆயிரம் மடங்கு என்றால் இரண்டையும் ஆயிரம் மடங்கு ஆக்கிக் கையில் கொடுத்துவிடும்.

திருமுல்லைவாயிலில் இருக்கும் ஒரு டிப்ளமோ மாணவன் இதைக் கஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டான். அவன் அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை டையில் வைக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், மேலிருந்து பல டன் வேகமாக இறங்கும், வெட்டிய துண்டை எடுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் இது ஆயிரக்கணக்கான தடவை. அவருடைய வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு கிடையாது. பல வருஷத்துக்கு முன்பு போனது. 1964-ல் எஸ்டேட் தொடங்கிய காலத்திலிருந்து பிரஸ் ஓட்டுகிறவர்கள் நடுவே இது புதுமையான விஷயம் இல்லை. டீக்கடையில் கிளாஸை வாங்கும் கையைப் பார்த்தே "பிரஸ்ஸா?" என்று கேட்பவர்கள் உண்டு.

கடைசி வருஷ பிராஜெக்ட் என்று வந்தபோது, கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் ரெடிமேடாக வாங்கப் போனார்கள். இவன் மட்டும் பிரஸ்ஸுக்கு ஒரு ஒளி வேலி செய்கிறேன் என்று உட்கார்ந்தான். பெரிய தொழிற்சாலைகளில் இதை லைட் கர்ட்டன் என்பார்கள். டைக்கு முன்னால் ஒரு பக்கம் வரிசையாக அகச்சிவப்பு எல்.இ.டி.கள், எதிர்ப் பக்கம் அதே வரிசையில் சென்சார்கள். நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகள். விரலைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் 14 மில்லிமீட்டர் பொருளும் தப்பாத அளவுக்குக் கற்றைகள் நெருக்கமாக இருக்க வேண்டும். கை போதும் என்றால் 30 மில்லிமீட்டர். ஒரு கற்றை மறைந்தாலும் மெஷின் நிற்க வேண்டும்.

அவன் ஒரே ஒரு கற்றையில் ஆரம்பித்தான். எதிர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒளிக்கு போட்டோடயோடு கொடுத்தது சுமார் 30 நானோ ஆம்பியர். கையில் இருந்தது 741. ஆப்-ஆம்ப் என்றாலே நம் ஊர் லேப்களில் முதலில் நீட்டுவது அதைத்தான். மாட்டினான். ஒன்றும் வேலை செய்யவில்லை. கை வைத்தாலும் எடுத்தாலும் வோல்ட் மீட்டர் தன் இஷ்டத்துக்கு ஆடியது. இரண்டு நாள் கழித்து டேட்டா ஷீட்டைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 741 தன் உள்வாயில் தனக்கென்று சாதாரணமாக 80 நானோ ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். வருமானம் 30 ரூபாய், தரகு 80 ரூபாய் என்றால் வியாபாரம் எப்படி நடக்கும்?

அதற்குப் பதில் சி.ஏ.3140 மாட்டினான். அதன் உள்வாயில் இருப்பது வேறு வகை டிரான்சிஸ்டர். அது எடுத்துக்கொள்வது நானோ ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். வோல்ட் மீட்டர் ஒழுங்குக்கு வந்தது. ஆக, முதல் பாடம் பெருக்குவது பற்றியே இல்லை. வருகிற கொஞ்சத்தைக் கொட்டாமல் வாங்கிக்கொள்வது பற்றியது.

இரண்டாவது சிக்கல் வீட்டுக் கூரையில் இருந்தது. பழைய சோக் வைத்த ட்யூப்லைட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, போட்டோடயோடுக்குத் தெரியும். எல்.இ.டி.யிலிருந்து வருவதைவிட ட்யூப்லைட்டிலிருந்து வருவது பல மடங்கு அதிகம். ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் சேர்த்துப் பெருக்கப் போய், மேலே முட்டி நின்றுவிட்டது. அதற்குமேல் கற்றை இருந்தால் என்ன, மறைந்தால் என்ன? அவன் அம்மா சொன்னது: "லைட்டை அணைச்சிட்டுப் பாரேன்டா." லைட்டை அணைத்தால் நன்றாக வேலை செய்தது. ஆனால் பிரஸ் ஷாப்பில் லைட்டை அணைக்க முடியாதே!

அதனால் இரண்டு வேலை செய்தான். சென்சாருக்கு முன்னால் கறுப்புக் காகிதத்தைச் சுருட்டிக் குழாய் மாதிரி மாட்டினான். எதிரே இருக்கும் எல்.இ.டி.யைத் தவிர வேறெதையும் அது பார்க்கக்கூடாது, வண்டி மாட்டுக்குக் கண்பட்டை கட்டுவது மாதிரி. அடுத்து, எல்.இ.டி.யைத் தொடர்ந்து எரியவிடாமல் ஒரு 555 வைத்து நொடிக்கு ஆயிரம் தடவை விட்டுவிட்டு எரிய வைத்தான். ஆம்ப்ளிஃபயருக்குப் பிறகு ஆயிரம் ஹெர்ட்ஸை மட்டும் உள்ளே விடும் ஒரு வடிகட்டி. சூரிய ஒளி மினுக்காது. ட்யூப்லைட் நூறில் மினுக்கும். ஆயிரத்தில் மினுக்குவது அவன் விளக்கு மட்டும்தான். கோயில் வாசலில் விடும் செருப்புக்கு அடையாளமாக நூல் கட்டிவிடுகிற மாதிரி. எவ்வளவு கூட்டத்திலும் நம்முடையது தெரிந்துவிடும்.

டி.வி. ரிமோட்டிலும் இதே வித்தைதான். ரிமோட்டின் அகச்சிவப்பு விளக்கு நொடிக்கு 38,000 தடவை துடிக்கிறது. டி.வி.க்குள் இருக்கும் ரிசீவர் அந்தத் துடிப்பை மட்டும் கேட்கிறது. ஜன்னல் வழியே வெயில் வந்து டி.வி. மேல் விழுந்தாலும் சேனல் மாறுவது இதனால்தான்.

மூன்றாவது பாடம் கொஞ்சம் ஆழமானது. எவ்வளவு மறைத்தாலும் வடிகட்டினாலும் போகாத ஓர் இரைச்சல் உண்டு. எந்த மின்தடையாக இருந்தாலும், சும்மா மேஜைமேல் கிடந்தாலும், அதற்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டமே ஒரு சின்ன மின்னழுத்த நடுக்கமாக வெளியே தெரியும். 1928-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜான்சன் இதை அளந்து காட்டினார், நைக்விஸ்ட் கணக்குப் போட்டு விளக்கினார். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. போட்டோடயோடின் மின்னோட்டத்தை மின்னழுத்தமாக மாற்றும் அந்த முதல் மின்தடையை நூறு மடங்கு பெரிதாக்கினால் சிக்னல் நூறு மடங்காகும், அந்தத் தடையின் வெப்ப இரைச்சல் பத்து மடங்குதான் ஆகும். சின்னத் தடை போட்டு, பிறகு இன்னொரு ஆம்ப்ளிஃபயரால் நூறு மடங்கு பெருக்கினால் இரண்டுமே நூறு மடங்காகிவிடும். கடைசியில் வரும் சிக்னல் ஒன்றேதான், ஆனால் ஒன்று சுத்தம், இன்னொன்று கலங்கல். ஆகவே பெருக்குவதை முதல் வாசலிலேயே செய்துவிட வேண்டும். தடையை ரொம்பவும் கூட்டினால் சர்க்யூட் மந்தமாகிவிடும் என்பதால் அதற்கும் ஓர் அளவு உண்டு. அவன் பத்து மெகா ஓமில் நின்றான். 30 நானோ ஆம்பியரைப் பத்து மெகா ஓமில் விட்டால் 0.3 வோல்ட். போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாக அமைந்தது. ட்யூப்லைட் எரிய, ஜன்னல் திறந்திருக்க, கற்றைக்குக் குறுக்கே பென்சிலை நீட்டினால் ரிலே 'டக்' என்றது. எடுத்தால் விட்டது. நூறு தடவை செய்து பார்த்தான், நூறும் சரி. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அவர் அந்தக் குறை விரலையே நீட்டிப் பார்த்தார். டக். சிரித்தார். பிறகு கேட்டார்:

"நல்லாத்தான்டா இருக்கு. ரிலே விழுந்ததும் பிரஸ் எப்படி நிக்கும்?"

"மோட்டார் கரெண்ட்டை கட் பண்ணிடும்ப்பா."

"மோட்டார் நின்னா? ஃப்ளைவீல் சுத்திக்கிட்டுத்தானே இருக்கும். எங்களுது பின் கிளட்ச்சுடா. பெடலை மிதிச்சு பின் ஒரு வாட்டி மாட்டிக்கிச்சுன்னா முழுச் சுத்து முடிச்சுட்டுத்தான் விடும். நடுவுல பகவானே வந்தாலும் நிக்காது."

பையன் பதில் சொல்லவில்லை. அப்பா சொன்னது முழுக்க உண்மை. காற்றழுத்தத்தில் வேலை செய்யும் உராய்வு கிளட்ச் உள்ள பிரஸ்களை எந்த இடத்திலும் பிடித்து நிறுத்தலாம், அவற்றுக்குத்தான் லைட் கர்ட்டன். அதிலும் கற்றையை டையிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் உள்ளே போகும் என்று வைத்துக்கொண்டு, மெஷின் நிற்க எடுக்கும் நேரத்தால் பெருக்க வேண்டும். நிற்கக் கால் நொடி ஆகும் என்றால் வேலி அரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பழைய பின் கிளட்ச் பிரஸ்ஸில் அந்தக் கணக்குக்கே இடமில்லை. அதற்கு ஏற்றது கம்பிக் கூண்டு, இல்லாவிட்டால் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இயங்கும் பட்டன்கள். முதலாளி புது பிரஸ் வாங்கினால் இன்னும் நல்லது.

சென்சார் சரி. ஆம்ப்ளிஃபயர் சரி. சிக்னல் பளிச்சென்று வந்துவிட்டது. ஆனால் அந்த சிக்னல் போய்ச் சேரும் இடத்தில் அதைக் கேட்டு நடக்க ஆள் இல்லை. அவன் பிராஜெக்ட் அறிக்கையில் கடைசி அத்தியாயமாக இதையே எழுதினான்: இந்தச் சாதனம் எந்த வகை பிரஸ்ஸுக்கு உதவாது, ஏன். கூடவே இன்னொன்றும் எழுதினான். விலை கொடுத்து வாங்கும் லைட் கர்ட்டனில் எல்லாமே இரட்டையாக இருக்கும். ஒரு பாதை பழுதானால் மற்றது மெஷினை நிறுத்தும், தன்னைத் தானே சோதித்துக்கொண்டும் இருக்கும். வீட்டில் செய்ததை மேஜையில் வைத்துக் காட்டலாம், ஆள் வேலை பார்க்கும் மெஷினில் மாட்டக்கூடாது.

இதே கதை, இதைவிடப் பெரிய அளவில், நம் மாநிலத்திலேயே ஒரு மலைமேல் நடந்திருக்கிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் தினமும் நம்மைக் கடந்து போகும் எக்ஸ்பிரஸ் ரயில்களில் பல, அரக்கோணம், காட்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்குப் போகிறவை. அதே பாதையில் வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம் வழியாக மலை ஏறினால் ஜவ்வாது மலையில் காவலூர். இன்றைக்குத் திருப்பத்தூர் மாவட்டம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம். அங்கேதான் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் வேர் சென்னையில்தான். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வகம், 1899-ல் கொடைக்கானலுக்குப் போனது. 1960-களில் வைணு பாப்பு இரவு வானத்தைப் பார்க்க இருட்டான இடம் தேடிக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, 1972-ல் கார்ல் ஜெய்ஸ் கம்பெனியின் ஒரு மீட்டர் தொலைநோக்கி.

யோசித்துப் பார்த்தால், ஊரை விட்டு மலைக்குப் போனதும் அந்தப் பையன் கறுப்புக் காகிதம் சுருட்டியதும் ஒரே காரியம்தான். வேண்டாத வெளிச்சத்தைப் பெருக்குவதற்கு முன்பே தள்ளி வைப்பது.

1977 மார்ச் 10. யுரேனஸ் கோள், பூமியிலிருந்து 260 கோடி கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, எஸ்.ஏ.ஓ. 158687 என்ற மங்கலான நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கப் போகிறது என்று இங்கிலாந்தின் கார்டன் டெய்லர் நாலு வருஷம் முன்பே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். நட்சத்திரம் எப்படி மங்கி மறைகிறது என்று அளந்தால் யுரேனஸின் காற்று மண்டலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். அதற்காகப் பல நாட்டு வானியலாளர்களும் தயாரானார்கள். அமெரிக்காவின் ஜேம்ஸ் எலியட் குழு ஒரு விமானத்தில் 91 சென்டிமீட்டர் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கிளம்பி இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தது. பெர்த்திலேயே தரையில் ஒரு குழு. காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும்.

அந்தக் காலத்தில் நட்சத்திர ஒளியை அளக்க போட்டோமல்டிப்ளையர் குழாய்தான். அதன் வேலை ரொம்ப அழகானது. உள்ளே ஓர் ஒளித்துகள் வந்து விழுந்தால் ஓர் எலக்ட்ரான் கிளம்பும். அதை மின்னழுத்தம் இழுத்துக்கொண்டு போய் ஒரு தகட்டில் மோத வைக்கும், அங்கே மூன்று நான்கு எலக்ட்ரான்கள் கிளம்பும். அவை அடுத்த தகட்டில் மோதினால் பத்துப் பதினைந்து. இப்படிப் பத்து தகடு தாண்டுவதற்குள் ஒன்று பத்து லட்சம் ஆகிவிடும். பெருக்குவதை முதல் வாசலிலேயே செய்துவிட வேண்டும் என்ற விதியை இதைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் சாதனம் கிடையாது. ஆனால் இதற்கும் அதே குணம்தான். வெப்பத்தால் தானாகக் கிளம்பும் எலக்ட்ரானையும் பத்து லட்சம் ஆக்கிவிடும். அதனால் குழாயை ஐஸ் வைத்துக் குளிர வைப்பார்கள்.

அந்த இரவு இன்னொரு சிக்கலும் இருந்தது. யுரேனஸ் அந்த நட்சத்திரத்தைவிடப் பல மடங்கு பிரகாசம். ட்யூப்லைட்டுக்குப் பக்கத்தில் எல்.இ.டி. மாதிரி. எலியட் குழு அதற்கு ஒரு வழி வைத்திருந்தது. யுரேனஸின் மேலே இருக்கும் மீத்தேன் வாயு, சிவப்பையும் அதை அடுத்த அகச்சிவப்பையும் சேர்ந்த சில அலைநீளங்களை விழுங்கிவிடும். அந்த அலைநீளங்களை மட்டும் விடும் வடிகட்டி வைத்தால் யுரேனஸ் மங்கிவிடும், நட்சத்திரம் தெரியும்.

இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தார்கள். கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம் என்று, குறித்த நேரத்துக்கு வெகு முன்பே பதிவைத் தொடங்கிவிட்டார்கள். அதுதான் கைகொடுத்தது. யுரேனஸ் நட்சத்திரத்தை நெருங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே நட்சத்திர ஒளி சட்டென்று ஒரு தடவை பள்ளம் விழுந்து எழுந்தது. பிறகு இன்னொன்று. இப்படி ஐந்து. கோள் கடந்த பிறகு மறுபக்கமும் ஐந்து.

காவலூரிலும் கோள் நெருங்குவதற்கு முன்பே ஒளி சில நொடிகள் தெளிவாகப் பள்ளம் விழுந்தது. அது மேகமும் இல்லை, கருவியின் கோளாறும் இல்லை. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்த உண்மையான சிக்னல். ஜவ்வாது மலையின் இருட்டில் அதைப் பிடித்துவிட்டார்கள்.

பிடித்தாயிற்று. அதற்கு அர்த்தம் என்ன?

1977 வரைக்கும் வளையம் உள்ள கோள் என்றால் சனி ஒன்றுதான். நட்சத்திரத்தைச் சில நொடி மறைக்கும் பொருள் என்றால் எவருக்கும் முதலில் தோன்றுவது ஒரு சின்ன நிலா. எலியட் குழுவுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர்களிடம் இரண்டு பக்கப் பதிவும் இருந்தது. கோளுக்கு முன்னால் விழுந்த பள்ளங்களையும் பின்னால் விழுந்தவற்றையும் ஒப்பிட்டால், கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று பொருந்தின. நிலாக்கள் அப்படி இரண்டு பக்கமும் ஒழுங்காக வரிசையில் நிற்காது. வளையம் என்றால் நிற்கும்.

1977 மே 26 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன. முதலில் எலியட் குழு, தலைப்பு யுரேனஸின் வளையங்கள். அடுத்து பெர்த் குழு. மூன்றாவது பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் எழுதியது, தலைப்பு யுரேனஸின் ஒரு புதிய துணைக்கோள். ஒரே இரவு, ஒரே நட்சத்திரம், இரண்டு விதமான முடிவு.

இதைப் படிக்கும்போது வயிற்றில் ஒரு மாதிரி இருக்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று. ஆனால் அவசரப்பட்டு அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கையில் இருந்த தெளிவான ஒரு பள்ளத்தை வைத்து, அன்றைக்குத் தெரிந்த வானத்தை வைத்து, சொல்லக்கூடிய மிக எளிய விளக்கத்தைச் சொன்னார்கள். அதோடு நிற்கவும் இல்லை. பட்டாச்சார்யாவும் பாப்புவும் காவலூர்ப் பதிவைத் திரும்ப ஆராய்ந்து, அதே வருஷக் கடைசியில் யுரேனஸைச் சுற்றிச் சனி மாதிரி ஒரு வளைய அமைப்பு இருப்பதைப் பற்றி அதே 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். முதல் முடிவு கைவிட்டுப் போனது. ஆனால் பதிவு பத்திரமாக இருந்ததால் அதை மறுபடியும் கேட்க முடிந்தது.

இதற்கு முன்பு இதே தொலைநோக்கி இன்னொரு விதமாகவும் சோதித்திருக்கிறது. 1972 ஜூன் 7-ல் வியாழனின் நிலா கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. காவலூரிலிருந்தும் ஜாவாவில் இருக்கும் லெம்பாங்கிலிருந்தும் பார்த்த பதிவுகளை வைத்து, கானிமீடுக்குக் காற்று மண்டலம் இருக்கிறது என்று 1973-ல் அறிவித்தார்கள். 1979-ல் வாயேஜர் பக்கத்தில் போய்ப் பார்த்தபோது அவ்வளவு காற்று அங்கே இல்லை என்று தெரிந்தது. இருப்பது அதைவிடப் பல மடங்கு மெல்லியது. ஆக, ஒரு தடவை சிக்னலிலிருந்து கொஞ்சம் அதிகமாகப் படித்தார்கள், ஒரு தடவை கொஞ்சம் குறைவாகப் படித்தார்கள். இரண்டு தடவையும் கருவி தன் வேலையைச் செய்தது.

யுரேனஸின் வளையங்கள் கரி மாதிரி கறுப்பு. விழும் ஒளியில் சில சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். மிகப் பிரகாசமான எப்சிலான் வளையமே 20-லிருந்து 100 கிலோமீட்டருக்குள்தான் அகலம். தொலைநோக்கியில் நேராகப் பார்த்து அன்றைக்கு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒளி வந்ததால் அல்ல, ஒளி வராமல் போனதால்தான் அவை தெரிந்தன. பிரஸ்ஸில் விரலைக் கண்டுபிடிப்பதும் அப்படியே. இன்று யுரேனஸுக்கு 13 வளையங்கள் தெரியும். 1986 ஜனவரி 24-ல் வாயேஜர்-2 அருகில் போய்ப் படம் எடுத்தது. அதே மாதம் 6-ஆம் தேதி காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, வானாய்வகத்துக்கே வைணு பாப்பு பெயர் சூட்டப்பட்டது. பாப்பு அதைப் பார்க்க இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார். பின்னாளில் வந்த 1.3 மீட்டர் தொலைநோக்கி பட்டாச்சார்யா பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிராஜெக்ட் செய்யும் தம்பி தங்கைகளுக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. கடைக்குப் போய் "இன்னும் கெயின் அதிகமான ஐ.சி. இருக்கா அண்ணா?" என்று கேட்பதற்கு முன், வேண்டாத வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், அதை மறையுங்கள். உங்கள் சிக்னலுக்கு ஓர் அடையாளம் கொடுங்கள். வருகிற கொஞ்சத்தை ஆம்ப்ளிஃபயரே தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் படியிலேயே பெருக்குங்கள். இவ்வளவும் பெருக்குவதற்கு முன்னால்.

பெருக்கிய பிறகு இரண்டு கேள்வி. இதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் இருப்பவர், அல்லது இருப்பது, இதைக் கேட்டு நடக்குமா? நாம் படித்த அர்த்தத்தைத் தவிர வேறு அர்த்தம் இதற்கு இருக்க முடியுமா? முதல் கேள்வியைக் கேட்டவர் பிரஸ் ஓட்டும் ஓர் அப்பா. இரண்டாவதை, தங்கள் முதல் முடிவு அச்சில் வந்த பிறகும் காவலூர்க்காரர்கள் தங்களையே கேட்டுக்கொண்டார்கள்.

பதிவை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கணக்குப் புத்தகம் மாதிரி அது. இன்று டேலி ஆகாத ஓர் எண் ஆறு மாதம் கழித்துப் புரியலாம்.